காவல் பயிற்சிக்கான உடற்தகுதி வகுப்பு: சேர்ந்து படித்தவரின் மதிப்பீடு

பயிற்சிக் காவலர்கள் பலரின் மனத்தில் உடற்பயிற்சி என்பது தேர்வில் தேறும்வரை படவேண்டிய பாடாகவோ, தாமதமாக வந்தால் கிடைக்கும் தண்டனையாகவோதான் பதிந்திருக்கிறது. தண்டால் எடுக்கச் சொல்லியே கண்டிக்கப்பட்டவர், பணியில் சேர்ந்தபின் தாமாக விரும்பித் தண்டால் எடுப்பார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. தேர்வுக்குத் தயாராகிறவர்களும் தேர்வாகிப் பயிற்சியில் இருப்பவர்களும் விடுமுறை நாட்களில் சேரக்கூடிய இந்தத் தனியார் வகுப்பை நான் மதிப்பதற்கு முதற்காரணம், இங்கே உடற்பயிற்சி ஒருபோதும் தண்டனையாகத் தரப்படுவதில்லை என்பதே. தாமதமாக வருகிறவர் உடலைத் தயார்படுத்தும் பயிற்சிகளைத் தனியே முடித்த பிறகே ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

ஓட்டப் பயிற்சி மிகவும் நேர்த்தியாக இருக்கிறது. 20 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கேற்ப ஓடித் திரும்பும் பீப் டெஸ்ட், மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அரை கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். இதில் மூச்சு வாங்கித் தோற்பவர்களைப் போலவே, திரும்பும் இடத்தில் நேரத்தை வீணாக்கித் தோற்பவர்களும் உண்டு. பயிற்சியாளர் கோட்டருகே குனிந்து நின்று ஒவ்வொருவரின் பாதத்தையும் கவனிக்கிறார். வளைந்து சுற்றித் திரும்புகிறவரை நிறுத்தி, பாதத்தைக் குறுக்காக ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரே உந்தலில் புறப்படக் கற்றுக்கொடுக்கிறார். 1968-இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டமும் இடையிடையே நடத்தப்படுகிறது. அதில் ஓடிய தூரத்தை அவரவர் தம் குறிப்பேட்டில் மட்டுமே எழுதிக்கொள்வதால், பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்த்துக் கூசும் மனநிலை மெல்ல மறைகிறது.

காயங்களை இவர்கள் அணுகும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சுத்திறன் கூடிவிடும். ஆனால் எலும்பும் தசைநாணும் அந்தச் சுமைக்குப் பழக இன்னும் அதிக காலம் பிடிக்கும். இந்த இடைவெளியில் தூரத்தைச் சட்டென்று கூட்டுகிறவர்களுக்குத்தான் முன்னங்கால் எலும்பு வலி வருகிறது. சோம்பேறி என்று பெயர் வாங்க அஞ்சி, பயிற்சிக் காவலர்கள் அதை மறைத்தே ஓடுகிறார்கள். இங்கே ஓட்டத்துக்கு முன்பே வலி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எலும்பின் நீளவாக்கில் பரவிய வலியென்றால் தூரத்தைக் குறைக்கிறார்கள், ஒரு விரலால் அழுத்தும் ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்று உடனே மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். வலியைச் சொல்வது பயிற்சியின் ஒரு பகுதி என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றுகிறது.

வலிமைப் பயிற்சி இந்த அளவுக்கு இல்லை. இடுப்புப் பட்டையில் கருவிகளின் எடையோடு பல மணி நேரம் நிற்கவும், மயங்கி விழுந்தவரை இழுத்துச் செல்லவும் வேண்டிய பணிக்கு, தரையிலிருந்து எடை தூக்குவதும் பிடிவலிமையும் இன்றியமையாதவை. இவற்றுக்கு வகுப்பின் இறுதியில் மிஞ்சும் நேரமே கிடைக்கிறது. பயிற்சி பெறும் பெண்களுக்கு அவர்களின் திறனைச் சோதிக்காமலேயே முழங்கால் ஊன்றிய தண்டாலைக் கொடுப்பதும் மாற வேண்டும்; முழுத் தண்டால் எடுக்கக்கூடியவர்கள் அவர்களிலும் பலர் இருக்கிறார்கள்.

இரவுப் பணிக்குச் செல்லவிருப்பவர்களுக்கு உறக்கத்தையும் பயிற்சியையும் எப்படி அமைத்துக்கொள்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வை மட்டும் நோக்கிச் சேர்கிறவருக்கு இது குறையாகத் தோன்றாது. பணியில் சேர்ந்த பிறகும் உடலைப் பேண நினைக்கிறவர் அந்தப் பகுதிக்கு வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.