சென்னை – புதுச்சேரி பார்ட்டி வேன்: லைட்டைப் பார்த்து வாடகை பேசாதீர்கள்

சனிக்கிழமை மதியம் சென்னையில் ஏறி, ராத்திரியைப் புதுச்சேரியில் கழித்துவிட்டு, விடிவதற்குள் வீட்டில் இறங்க வேண்டும். இப்படிக் கேட்கிற கோஷ்டிகளை நம்பியே டிராவல்ஸ்காரர்கள் 'பார்ட்டி வேன்', 'டிஜே வேன்' என்று விளம்பரம் போடுகிறார்கள். வண்டி என்னவோ நமக்குத் தெரிந்த ஃபோர்ஸ் டிராவலர்தான். கூரையோரம் கலர் எல்.இ.டி. பட்டை, பின்னால் ஒரு சப்வூஃபர், கரோக்கி மைக். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போக, குடிக்காத ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்கிறார் என்ற நிம்மதியோடு போக, கொடுக்கிற காசுக்குத் தகுந்த சேவைதான். வாடகை பேசும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் வண்டி. '12 சீட்டர்' என்றால் டிரைவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். பதின்மூன்றாவது ஆளை மடக்கு ஸ்டூலில் உட்கார வைத்தால், பர்மிட்டில் இருக்கும் எண்ணிக்கை தாண்டிவிடும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் எண்ணுவது தலையைத்தான். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று 2+1 வரிசையில் புஷ்பேக் சீட் இருக்கிற வண்டியே போதும். சீட்டுகளைக் கழற்றி, சுவரோரம் சோபா போட்டு, நடுவில் 'டான்ஸ் ஃப்ளோர்' விட்டிருக்கும் வண்டி போட்டோவில் அழகாக இருக்கும். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், இருக்கும் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. ஓடுகிற வண்டியில் நின்று ஆடும்போது டிரைவர் ஒரு மாட்டுக்கு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லைட் ஜோடனையும் அப்படியே: கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, லேசர் லைட், அதிக ஒலி எல்லாவற்றின் மேலும் பிடி இறுகிவிட்டது. அதே வண்டியை அடுத்த மாதம் ஆலப்புழைக்குப் பேசுகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி சீட்டுக்குப் பின்னால் லக்கேஜுக்கு இருக்கும் இடமே கொஞ்சம். அதை சப்வூஃபர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் அடைத்துக்கொண்டிருக்கும். பைகள் நடைபாதையில் வந்து விழும். அதைவிட மோசம், பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பெட்டியை ஸ்குரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். தீ என்றால் பக்கவாட்டுக் கதவு ஒன்றுதான் மிச்சம். கண்ணாடி உடைக்கும் சுத்தியல், தீயணைப்பான் இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளை போர்டு வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட்டி அடிபட்டால் கிளெய்ம் நிற்காது.

இனி கணக்கு. வெளியூர் வாடகையில் 'ஒரு நாள்' என்பது பெரும்பாலும் காலண்டர் நாள். ராத்திரி 12 அடித்ததும் இரண்டாம் நாள் ஆரம்பம். நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் மினிமம் என்றும் இருக்கும். உதாரணத்துக்கு, கி.மீ.க்கு 22 ரூபாய், நாளுக்கு 300 கி.மீ. மினிமம், டிரைவர் பேட்டா நாளுக்கு 600 என்று பேசியிருக்கிறீர்கள். போகவர 300, ஊருக்குள் 30, ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கும் திரும்ப ஷெட்டுக்குமாக 40; மொத்தம் 370 கி.மீ. ஒரே நாளில் முடிந்தால் 8,140 ரூபாயும் பேட்டாவும், ஆக 8,740. அதே பயணம் சனி மதியம் தொடங்கி ஞாயிறு விடியற்காலை முடிந்தால், ஓடியது 370தான் என்றாலும் 600 கி.மீ.க்கு பில் வரும்: 13,200, இரட்டை பேட்டா 1,200, ஆக 14,400. அதே தூரத்துக்கு 5,660 ரூபாய் அதிகம். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, தொழிலின் வழக்கமே அதுதான். ஆனால் 'புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம்' என்று முன்கூட்டியே பேசினால் ஒத்துக்கொள்ளும் ஓனர்கள் இருக்கிறார்கள். போனில் சொன்னது போதாது, வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள்.

கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதும் அதே மெசேஜில் வர வேண்டும். ஷெட் அம்பத்தூரில், நீங்கள் அடையாறில் என்றால் காலி ஓட்டத்துக்கும் நீங்கள்தான் அழ வேண்டும். பக்கத்து ஏரியா டிராவல்ஸ் ஒரு ரூபாய் கூடச் சொன்னாலும் கடைசியில் லாபம். டோலுக்கு ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டச் சொல்லுங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் 'பாண்டி பர்மிட்' என்று தனியாக ஒரு தொகை வரும். ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் உள்ள வண்டிக்கு அந்தத் தொகையைக் கேட்டால் ரசீது கேளுங்கள். ஏ.சி. விஷயத்தையும் அப்போதே பேசிவிடலாம். இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி. ஓடும். பாருக்கு வெளியே நிறுத்திவிட்டு 'ஏ.சி. போட்டு வைங்கண்ணே' என்றால் டீசல் யார் தலையில் என்று தகராறு வரும். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சப்வூஃபரை அலற விட்டால் பேட்டரி இறங்கி, கிளம்பும் நேரத்தில் தள்ள வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக்குள் இந்த வேனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிக்கு அனுமதி கிடையாது. ஒயிட் டவுன் தெருக்களில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும். 12 சீட்டரே திணறும், 26 சீட்டரை நினைக்கவே வேண்டாம். சனிக்கிழமை மாலை ராஜீவ் காந்தி சிலை சிக்னலைத் தாண்டுவதற்குள் பாட்டு லிஸ்ட் ஒரு சுற்று முடிந்துவிடும். அதனால் பழைய துறைமுகம் பக்கம் இறங்கிக்கொண்டு, நடந்தே சுற்றுங்கள். தூமா தெரு, ரோமன் ரோலன் தெரு, கடற்கரை எல்லாம் நடை தூரம்தான். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தள்ளிப் போனால் ஆட்டோ. மீட்டரை எதிர்பார்க்காமல் ஏறும் முன்பே பேசிவிடவும்.

நடக்கச் சொல்வதற்கு டிராஃபிக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் பார் பாராக வண்டியை இழுத்தடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரைவரின் தூக்கம் கலைகிறது. ராத்திரி 8 முதல் 1 வரை அவர் கால் நீட்டிப் படுத்திருந்தால் திரும்பும் பயணம் பத்திரம். மூடிய வண்டியில், ஏ.சி. இல்லாமல், கொசுவோடு யாரும் தூங்க முடியாது. 12 பேர் பங்கு போட்டு அவருக்கு ஒரு டார்மெட்ரி படுக்கையும் ராத்திரிச் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல செலவு கிடையாது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 சொன்னது நாளுக்கு 8 மணி நேர வேலை, இடைவேளைகளைச் சேர்த்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை 12 மணி நேரம். மதியம் 2 மணிக்கு வந்தவர் விடியற்காலை 5 மணிக்கு உங்களை இறக்கிவிட்டால் 15 மணி நேரம். அன்றே திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது டிரைவர் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த டிராவல்ஸ் வேண்டாம்.

திரும்பும்போது ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வேண்டாம் என்பது எங்கள் கட்சி. போகும்போது கடல் தெரியும், மரக்காணம் உப்பளம் தெரியும், சரி. ராத்திரி 2 மணிக்கு அங்கே தெரிவது சாலையில் படுத்திருக்கும் மாடும் லைட் இல்லாமல் நிற்கும் லாரியும்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை எங்கே திரும்புகிறது என்பது கிட்டப் போனால்தான் புரியும். திண்டிவனம் வழி கொஞ்சம் கூடுதல் தூரம். மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல். ஆனால் நடுவில் தடுப்புச் சுவர் இருக்கும், ராத்திரி முழுக்க டீக்கடை இருக்கும், பெண்கள் இறங்கிப் போக வெளிச்சமான பெட்ரோல் பங்க் இருக்கும். வாடகை வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் நிற்கும். 'இரண்டு மணி நேரத்தில் சென்னை' என்று சொல்லும் டிரைவர் அதைப் பிடுங்கிப் போட்டவர்.

பாட்டில் விஷயத்தில் விளையாட வேண்டாம். புதுச்சேரியில் வாங்கிய சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். செக்போஸ்ட்டில் பிடிபட்டால் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். டிரைவர் பைகளைத் திறந்து காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள், போவது அவருடைய பிழைப்பு. எல்லை நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. பாண்டி என்று நினைத்துப் போகும் செரினிட்டி பீச், கோட்டக்குப்பம் எல்லாமே தமிழ்நாடு. அங்கே குடிக்கும் வயதும் 21; புதுச்சேரியின் 18 செல்லாது.

வாந்திக்குத் தயாராகப் போகவும். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் கடைசி வரிசை அதிகம் தூக்கிப் போடும். அதிகம் குடித்தவரை அங்கே படுக்க வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கதவுக்குப் பக்கத்து சீட்டில், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் கவர் பத்து, பழைய பேப்பர், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. துணி சீட் வண்டியைவிட ரெக்சின் சீட் வண்டி நல்லது. கழுவும் கூலி எவ்வளவு என்பதும் அந்த வாட்ஸ்ஆப் மெசேஜில் இருக்கட்டும்.

ஒரு ராத்திரி தங்க முடிகிறவர்களுக்கு இந்த வேனே தேவையில்லை. அரசு பஸ்ஸில் போய் ரூம் போட்டுவிட்டு, ஊருக்கு வெளியே போகும் சில மணி நேரத்துக்கு மட்டும் பாண்டி லோக்கல் டிராவலர் ஒன்றை மணிக்கணக்கில் எடுங்கள். இரட்டை நாள் பில் கிடையாது, காலி ஓட்டம் கிடையாது, டிரைவருக்குத் தெருவும் தெரியும். செரினிட்டி பக்கம் எல்லை தாண்டினால் பர்மிட் உண்டா என்று அவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.