அம்மோனியா கிட்: எட்டு மாசம் வச்சுப் பார்த்ததுல

தொண்டிக்குத் தெற்கே உப்பங்கழி ஓரம் எங்களுக்கு அரை ஏக்கர் குளம், கொடுவா மீன் விட்டிருக்கோம். தண்ணி கழியில இருந்துதான் மோட்டார் வச்சு எடுக்கிறோம். மேல்பக்கம் மீன் பதப்படுத்துற கூடம் ஒண்ணு இருக்கு. கழுவுற தண்ணியெல்லாம் வாய்க்கா வழியா அதே கழியிலதான் விழுது. அந்தப் பயத்துல, தண்ணியில அம்மோனியா இருக்கான்னு பார்க்கிற இந்தக் கிட்டை ஆன்லைன்ல 1,180 ரூபாய்க்கு வாங்கினேன்.

வேலை சுலபம். அஞ்சு மில்லி தண்ணியில ரெண்டு மருந்தையும் சொட்டு எண்ணி விட்டுக் குலுக்கி வைக்கணும். மஞ்சளாவே இருந்தா நல்லது, பச்சையா மாறினா அம்மோனியா. ஆனா நிழல்வலைக்கு அடியில நின்னு பார்க்காதீங்க, அங்க எல்லாமே பச்சைதான். முதல் வாரம் நான் பயந்துபோய்ப் பாதிக் குளத்தை இறைச்சது அதனாலதான்.

இது காட்டுறது மொத்த அம்மோனியா. அதுல ஒரு பங்குதான் மீனுக்கு விஷம். தண்ணியோட பி.எச். (அமில-கார அளவு) 7ல இருந்து 8க்குப் போனா அந்தப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காயிடும். தண்ணி சூடானாலும் ஏறும். நம்ம கடல் தண்ணி 8க்கு மேல. பி.எச். மருந்தும் பெட்டியில இருந்திருக்கணும், இல்ல. தனியா வாங்கினேன்.

ஐப்பசி மழையில வாய்க்கா பொங்கி வந்தப்போ காலையில கழித்தண்ணியில அம்மோனியா 2 காட்டுச்சு. மீன் ரத்தமும் குடலும் அழுகினா வேறென்ன வரும்? மோட்டாரை நிறுத்திட்டேன். கிட்டுக்குப் போட்ட காசு அன்னிக்கே வசூல்.

மாசியில நடந்தது வேற. கிட்ல சுத்த மஞ்சள், மீன் மட்டும் தீனிக்கு மேல வரல. பிடிச்சுப் பார்த்தா துடுப்பு ஓரம் அரிச்சிருக்கு, வயித்துல சிவப்புப் புள்ளி. என் மாமனார் நாப்பது வருசம் கடலுக்குப் போனவர். ஒரு மீனைத் தடவிப் பார்த்துட்டு, "மேல் கோழை போயிருச்சும்மா, இனி எது வேணா ஒட்டும்"னார்.

ஆய்வுக்கூடத்துல விப்ரியோன்னாங்க. அது கடல் தண்ணியில எப்பவும் இருக்கிற கிருமி; திடமான மீன் பெரும்பாலும் தாங்கிக்கும். அங்க இருந்த தம்பி, மாமா சொன்னதையே விளக்கமாச் சொன்னார். அந்தக் கோழையில கிருமியைக் கரைக்கிற லைசோசைம் இருக்காம். குளோரின் மாதிரி மருந்து பட்டா கோழையும் செவுளும் வெந்துபோகும். மீன் மிரண்டா கார்டிசால்ங்கிற ஹார்மோன் சுரந்து வெள்ளை அணு குறையும். மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது, தலைச் சிறுநீரகம்தான் ரத்த அணுக்களை உண்டாக்குது. காட்மியம், செம்பு கலந்த கழிவுன்னா அங்கேயும் போய்ச் சேருமாம். இதுல எதையும் இந்தக் கிட் காட்டாது. காட்டும்னு பெட்டியிலயும் போடல, அதுக்கு அவங்களைத் திட்ட முடியாது.

மேல்பக்கத்து மீன் கூடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுறாங்க, அதுல குளோரின் இருக்கு. எனக்குச் சந்தேகம் அதுமேலதான். ஆனா மீன் ஒதுங்கின அன்னிக்கே ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுச் சோதனைக்குக் கொடுக்கணும்னு தோணல. நாலு நாள் கழிச்சுக் குளோரினை எங்க தேடுறது? அறுபது மீனுக்கு மேல போச்சு.

அஞ்சுக்கு மூணு நட்சத்திரம். ரெண்டாவது மருந்துப் பாட்டில் மூடி ஒழுகுது, நிமிர்த்தியே வைங்க. என் விரல்ல பட்டுத் தோல் உரிஞ்சிருச்சு. எச்சரிக்கை இங்கிலீஷ்ல மட்டும், அதுவும் எறும்பு சைஸ்ல.