சிகாகோ பேஸ்பால்: கப்ஸா, ஒயிட் சாக்ஸா?

சிகாகோவில் ரெட் லைன் ரயிலேறி வடக்கே அடிசனில் இறங்கினால் கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்ட் மைதானம். அதே ரயிலில் தெற்கே 35ஆம் தெருவில் இறங்கினால் ஒயிட் சாக்ஸ் அணியின் மைதானம்.

மைதானம் என்று பார்த்தால் கப்ஸுக்கு ஈடில்லை. 1914இல் கட்டியது. ஆடுகளத்தின் எல்லைச் சுவர் முழுக்க ஐவி கொடி படர்ந்திருக்கும். பந்து அதற்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஓடித் தொட வேண்டிய இடங்கள்) கிடைக்கும். 1988 வரை அங்கே இரவு விளக்கே கிடையாது, எல்லாம் பகலாட்டம்தான். சாக்ஸின் பழைய கொமிஸ்கி பார்க்கோ 1991இல் இடிக்கப்பட்டது. அதில் பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தை இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பளிங்குக்கல் காட்டுகிறது. அதைப் பார்த்தால் மனசு கனக்கும்.

சரி, வெற்றி? ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1906இல் இரண்டும் நேருக்கு நேர் மோதின. அந்த சீசனில் 116 ஆட்டம் வென்று வந்த கப்ஸை சாக்ஸ் சாய்த்தது. அப்புறம் கப்ஸ் 1907, 1908இல் வென்று, அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தது. 1917இல் வென்ற சாக்ஸுக்கு 1919 சூதாட்ட ஊழல் பெரிய அடி: காசு வாங்கிக்கொண்டு உலகத் தொடரில் வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றச்சாட்டு. நீதிமன்றம் விடுவித்தும் எட்டு வீரர்களுக்கு ஆயுள் தடை. 1917 வெற்றிக்கு 88 ஆண்டு கழித்து, 2005இல் ஹூஸ்டனை 4-0 என்று துடைத்தெடுத்து மீண்டும் கோப்பை வாங்கினார்கள். அந்த வெற்றி இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் ரிக்லிக்குப் போங்கள், பகலாட்டமாகப் பார்த்து. வரலாறு படிக்க என்றால் நான் சாக்ஸ் பக்கம்தான்.