பத்திரத்தில் 'மனை' என்ற சொல்லே இல்லை: கொடைக்கானல் கீழ்மலையில் இடம் வாங்கப் போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்பி என் கையில் நோட்டீஸ் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனான். 'கொடைக்கானல் மலையில் சொந்த வீட்டு மனை. பஞ்சாயத்து அப்ரூவ்டு. உடனடிப் பத்திரப் பதிவு. இலவச வேன், மதியச் சாப்பாடு.' மேலே ஓர் ஓட்டு வீட்டின் படம், அதன் பின்னால் பனி படர்ந்த சரிவு. அந்த வீட்டை எனக்குத் தெரியும். 2021ல் எனக்குக் கொடுத்த நோட்டீஸிலும் அதே படம்தான் இருந்தது. இப்போது நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். முக்கால்வாசி சர்வீஸ் மலை ரூட்தான். காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஊத்தில் பிரிந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி போகிற ரோட்டில் காப்பி பூக்கிற மாதத்தில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் அந்த வாசனை தெரியும். ரிட்டயர் ஆனதும் கீழ்மலையில் இரண்டு ரூம் வீடு ஒன்று கட்டி, நானும் என் வீட்டம்மாவும் போய் இருந்துவிட வேண்டும் என்பது இருபது வருஷத்து ஆசை. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் முதலில் நினைத்தது அதைத்தான்.

2021ல் அந்த முதல் நோட்டீஸைப் பார்த்து, அவர்கள் வேனில் 14 பேர் போனோம். இடம் அழகாக இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, இடையிடையே மிளகுக் கொடி, மலைவாழை. ஒரு பக்கம் செடிகளைப் பிடுங்கிவிட்டு மண் ரோடு போட்டு, கல் நட்டு, 22 துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நடுவில் அந்த ஓட்டு வீடு. உள்ளே பல்பு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. "பாருங்கண்ணே, வீடு கட்டி கரண்டும் வாங்கியாச்சு. அனுமதி இல்லாம கரண்டு குடுப்பானா?" என்று புரோக்கர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அந்த கரண்டு பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இணைப்பிலிருந்து இழுத்தது என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பஞ்சாயத்து முத்திரை குத்திய ஒரு வரைபட நகலையும் காட்டினார்கள். மனைப் பிரிவுக்கு, அதாவது லேஅவுட்டுக்கு, அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. அதைக் கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி. இல்லையென்றால் அந்த ஊர் எந்தத் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதோ அந்தக் குழுமம். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று யாராவது சொன்னால் 'அப்ரூவல் இல்லை' என்றே காதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அன்று அது தெரியாது. முத்திரை நீலமாக, பெரிதாக இருந்தது, நம்பிவிட்டேன்.

6 சென்ட். சென்ட் 1 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம்.

2021 ஆகஸ்டில் பத்திரம். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், முழு ஏமாற்றும் இங்கேதான் இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதைத்தான் சொல்கிறது. அப்படியென்றால் என் பத்திரம் எப்படிப் பதிவானது? பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'மனை' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. மனை நம்பர் இல்லை, ரோடு இல்லை, லேஅவுட் என்ற பேச்சே இல்லை. 'புன்செய் 6 சென்ட், அதிலுள்ள காப்பிச் செடிகள், மரங்கள், வண்டிப்பாதை பாத்தியம் உள்பட' என்று எழுதியிருக்கிறது. காகிதத்தின்படி நான் வாங்கியது ஒரு சின்னக் காப்பித் தோட்டம். விவசாய நிலம் என்று எழுதினால் பதிவு அலுவலகத்தில் லேஅவுட் அனுமதி கேட்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. "இதென்ன, வீட்டு மனைன்னு இல்லையே?" என்று அன்றைக்கே என் வீட்டம்மா கேட்டாள். "அப்படி எழுதினாத்தாம்மா ஸ்டாம்பு செலவு குறையும்" என்றார் பத்திரம் எழுதியவர். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

பத்திரத்தில் காட்டிய விலை 2 லட்சத்து 70 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அவ்வளவுதான், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். அதற்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 4 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக 30 ஆயிரம் கட்டினேன். மீதி 8 லட்சத்து 10 ஆயிரத்தை ரொக்கமாக, இரண்டு தவணையில் கொடுத்தேன். அதற்கு என்னிடம் இருப்பது கையெழுத்துக்கூடச் சரியாக இல்லாத ஒரு வெள்ளைத் தாள். இன்றைக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் எழும் கேள்வி, நீங்கள் கொடுத்தது 2 லட்சத்து 70 ஆயிரம்தானே என்பது. வரியில் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து, என் பணத்துக்கு இருந்த ஒரே சாட்சியை நானே அழித்துக்கொண்டேன். யார் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்த முழுத் தொகையைப் பத்திரத்தில் காட்டுங்கள்.

2023 ஜனவரியில் ஓர் இன்ஜினியரைப் பிடித்து 700 சதுர அடியில் வீட்டு பிளான் போட்டு விண்ணப்பித்தேன். ஜூனில் பதில் வந்தது. நிராகரிப்பு. மூன்று காரணம் சொல்லியிருந்தார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை. நில உபயோகம் விவசாயம். கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறது, அதற்கான துறைகளின் தடையின்மைச் சான்றுகள் இணைக்கப்படவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே நேரில் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. வரைபடப் பிரிவில் இருந்த ஒரு பெண் என்னை உட்காரவைத்துப் பேசினார். கணினியில் சர்வே நம்பரைப் போட்டுக் காட்டினார். "ஐயா, பட்டா உங்க பேர்ல இருக்கு, அதுல சந்தேகமே இல்லை. பட்டா நிலம் யாரோடதுன்னு சொல்லும். அதுல என்ன செய்யலாம்னு சொல்லாது. இது எங்க கணக்குல மனையே இல்லை, காப்பித் தோட்டம்" என்றார். 31 வருஷம் வேலை பார்த்து, ரேஷன் கார்டு முதல் பென்ஷன் வரை எத்தனையோ ஆபீஸ் ஏறியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மலையிடப் பாதுகாப்புக் குழுமம், எல்லோரும் ஹாக்கா என்பார்கள், 1990ல் அமைக்கப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல் மலை என்று மலைத் தாலுகா கிராமங்கள் பலவும் அதன் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள கிராமத்தில் மனை பிரிக்க வேண்டுமானால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை, வருவாய்த் துறை எல்லோரும் பார்த்துச் சொல்ல வேண்டும். வேளாண் பொறியியல்காரர்கள் மண் அரிப்பைப் பார்ப்பார்கள். புவியியல்காரர்கள் சரிவு தாங்குமா என்று பார்ப்பார்கள். கட்டிடத்துக்கும் சமவெளி விதி இங்கே செல்லாது, மலைவாசத் தலங்களுக்கென்று 1993ல் தனிக் கட்டிட விதிகள் வந்தன. கொடைக்கானல் நகரத்துக்கு அதே 1993ல் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான் வந்தது. எந்த சர்வே நம்பர் குடியிருப்பு, எது விவசாயம், எது வணிகம் என்று பிரித்தது அதில்தான். திட்ட எல்லைக்கு வெளியே இருக்கும் கிராமம் என்றாலும் விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்ற அனுமதி வேண்டும். 'பிளானுக்கு வெளியே இருக்கு, கேள்வியே இல்லை' என்று புரோக்கர் சொல்வது சுத்தப் பொய்.

வேறு யாராவது என்றால் இந்த விதிகளைத் திட்டியிருப்பார்கள். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காட் ரோட்டில் மண் சரிந்து, 50 பயணிகளை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் என்ன நடந்தது என்பது அந்தப் பக்கத்து டிரைவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை, மலை முழுக்கச் சரிவு, 40 பேருக்கு மேல் செத்தார்கள். என் துண்டுக்குக் கீழே ஓடை ஒன்று போகிறது. நான் பார்த்தது மாசி மாதம், காய்ந்து கிடந்தது, பள்ளம் என்று நினைத்தேன். தாண்டிக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார்: "அது ஊத்துத் தண்ணி வர்ற வழிப்பா. எங்க அப்பா காலத்துல இருந்து அதுக்கு மேல யாரும் குச்சில்கூடப் போட்டதில்லை." சர்வே நம்பருக்கான அளவு வரைபடமான புலப்படத்தில் அந்த ஓடை கோடு போட்டுத் தெளிவாக இருக்கிறது. ஆன்லைனில் காசில்லாமல் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

அதனால் எனக்கு அனுமதி மறுத்த முடிவு சரி. அங்கே வீடு கட்டவே முடியாது என்று தெரிந்தே அதை வீட்டு மனை என்று விற்றவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம்.

நிராகரிப்புக் கடிதத்தோடு நிறுவனத்துக்குப் போனேன். "வரன்முறை பண்ணிடலாம்ணே, அரசாங்கமே திட்டம் போட்டிருக்கு" என்றார்கள். அதற்கு 45 ஆயிரம் கேட்டார்கள். அந்த ஒரு தடவை கொடுக்காமல் விசாரித்தேன். அங்கீகாரமில்லாத மனைகளுக்குப் பின்னால் அங்கீகாரம் கொடுக்கும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது உண்மைதான், மலைப் பகுதிக்கென்று 2020ல் தனி விதியும் வந்தது. ஆனால் அது 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் மனை விற்றுப் பதிவான பிரிவுகளுக்கு. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எங்கள் நிலத்தில் முதல் துண்டு விற்றதே 2019ல்தான். தகுதியே இல்லாத திட்டத்துக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள். இதே பேச்சு உங்களிடமும் வரும், தேதியைப் பாருங்கள்.

மறுமுறை போனபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. போலீஸில் கொடுத்த புகார் 'சிவில் விவகாரம்' என்று திரும்பி வந்தது.

2024ல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். வெறும் நிலம் விற்றது சேவை ஆகாது என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனால் ரோடு, தண்ணீர், கரண்டு என்று வசதி செய்து தருவதாகச் சொல்லி மனை விற்றால் அது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012ல் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் மனை என்று இல்லாத எனக்கு அதை நிரூபிக்க இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பழைய நோட்டீஸ். என் வீட்டம்மா அதை மளிகைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாள், அதனால் தப்பியது. வழக்குப் போட 2 வருஷக் கெடு இருக்கிறது. அதைப் பத்திரத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்கிறார்கள் அவர்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த தேதியிலிருந்து என்கிறார் எங்கள் வக்கீல். இதுவே பெரிய வாதமாக ஓடுகிறது. அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், 'பார்த்துக்கலாம்ணே' என்ற பேச்சில் மாதங்களைக் கரைத்துவிடாதீர்கள்.

மலையில் யார் இடம் காட்டினாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சர்வே நம்பரைக் கேளுங்கள். அதைக் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே வேனிலிருந்து இறங்கிவிடுங்கள். நம்பரை எடுத்துக்கொண்டு திட்டக் குழுமத்துக்கோ டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்கோ போய், இந்த கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கிறதா, நில உபயோகம் என்ன, லேஅவுட் அனுமதி எண் என்ன என்று மனு எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதிலோடு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கும் 8 மனைக்கும் மேற்பட்ட பிரிவு என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருந்தாக வேண்டும், எங்கள் 22 துண்டுக்கு அது இல்லை. அனுமதி பெற்ற லேஅவுட்டில் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதன் நகலையும் கேளுங்கள். கிராம அலுவலகத்தில் அடங்கலைப் பார்த்தால் அந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதியிருக்கும். எங்களுடையதில் இன்று வரைக்கும் காப்பிதான். மழைக் காலத்தில் ஒரு தடவை அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு வேனில் வந்த 14 பேரில் என்னோடு சேர்ந்து வழக்குப் போட்டவர்கள் 5 பேர். அதில் ஒருவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள், நகை விற்று வாங்கியவர். மற்றவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. 2019 முதல் 2022 வரை ஊத்துக்கு மேலே அந்த ஓட்டு வீட்டைச் சுற்றி 6 சென்ட் துண்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் அந்தப் பழைய நோட்டீஸும் வங்கி ரசீதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புது நோட்டீஸை நான் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். இரண்டிலும் இருக்கும் அந்த வீட்டுப் படத்தை அடுத்த வாய்தாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறோம்.