வானத்தில் ஒரு புள்ளி: பாக்கெட் கேமராவோடு சில வருஷம்

இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கடையில் சுத்தம் செய்யக் கொடுத்திருந்த கேமரா போன வாரம் மறுபடியும் கைக்கு வந்தது. அந்த ‘மறுபடியும்’தான் எனக்கு எரிச்சல்.

சட்டைப் பையில் அடங்குகிற கேமரா. ஒரு அங்குல சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பிடிக்கும் தகடு), கழற்ற முடியாத ஜூம் லென்ஸ். இந்த வகையில் பல மாடல்கள் வந்துவிட்டன, விவரமெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. என்னுடையது எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள். நான் சொல்லப்போகும் வியாதி இந்த வம்சத்துக்கே பொது.

வியாதி இதுதான். நீல வானத்தை எடுத்தால் வலது பக்க மேல் மூலையில் மங்கலாக ஒரு சாம்பல் புள்ளி. காராய் பாலத்தை எடுத்தால் பாலத்துக்கு மேலே புள்ளி. தைப்பிங் ஏரியை எடுத்தால் மலைக்கு மேலே அதே புள்ளி. உறவுக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் துணியிலும் வந்து நின்றது. லென்ஸைத் துடைத்தால் போகாது. தூசி லென்ஸின் வெளிப்பக்கத்தில் இல்லை, உள்ளே சென்சார் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தூசி எப்படி உள்ளே போனது என்று ஈப்போ கடைக்கார அங்கிளிடம் கேட்டேன். கேமராவை ஆன் செய்தார், லென்ஸ் குழாய் வெளியே நீண்டது. ஆஃப் செய்தார், உள்ளே போனது. சைக்கிள் பம்பு வேலை செய்கிற அதே விதம்தான். குழாய் நீளும்போது உள்ளே இடம் பெரிதாகிறது, அந்த இடத்தை நிரப்பக் காற்று இடுக்கு வழியாக உள்ளே போகிறது, காற்றோடு தூசியும் போகிறது. “பாஸ், நீங்க எங்க இருக்கீங்க?” என்று மலாயில் கேட்டார். சுங்கை சிப்புட், தோட்டப் பக்கம் என்றேன். “அப்போ மறுபடி வருவீங்க” என்று சிரித்தார். நேர்மையான மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊர்த் தூசியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டவுனில் தார்ச் சாலைதான். தோட்டத்துக்குள் இறங்கினால் செம்மண் பாதை. மழை குறைந்த பிப்ரவரி மார்ச்சில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனால் போதும், மோட்டாரில் பின்னால் வருகிறவன் பல்லில் மண் நறநறக்கும். பாதையோரத்துச் செம்பனை மட்டையெல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நான் ஆலையில் எடைபோடும் இடத்தில் வேலை பார்க்கிறவன். கம்ப்யூட்டர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் சிவப்பாகக் கொட்டும். இந்த ஊரில் வெளியே போய்ப் படம் எடுப்பதற்கென்றே வாங்கிய கேமரா, வெளியே போனாலே நோய்வாய்ப்படுகிறது. வீட்டுக்குள் வைத்து மீன்தொட்டியை எடுக்கவா வாங்கினேன்?

லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. லென்ஸைக் கழற்றி, ரப்பர் குமிழால் நாலு ஊது ஊதினால் பெரும்பாலும் போய்விடும். இதில் திறக்க வழியே வைக்கவில்லை. தலைநகரில் இருக்கும் சர்வீஸ் இடத்தில் விசாரித்தபோது லென்ஸும் சென்சாரும் சேர்ந்த பாகத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு நல்ல கைப்பேசியே வாங்கிவிடலாம். ஒரு பொடித் தூசிக்கு! எல்லா வித்தையும் தெரிந்த இஞ்சினியர்களுக்கு ஒரு சின்ன மூடி வைக்கத் தெரியாதா? ஈப்போ அங்கிள் அந்தத் தொகையில் ஒரு பகுதிக்கே சுத்தம் செய்து கொடுத்தார். அதுவும் சும்மா வந்த காசில்லை.

சரி, கோபத்தை ஓரமாக வைத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். புள்ளி எல்லாப் படத்திலும் தெரியாது. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால், அதாவது எஃப் 8, எஃப் 11 பக்கம் போனால், தூசியின் நிழல் சென்சாரில் கூர்மையாக விழும். எஃப் 4 அல்லது அதற்கும் கீழே வைத்தால் வெளிச்சம் பல கோணத்தில் வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். தூசி அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதோடு இவ்வளவு சின்ன சென்சாருக்கு எஃப் 11 தேவையே இல்லை. ஃபிலிம் காலத்து 35 மில்லிமீட்டர் கேமராவில் எஃப் 11 வைத்தால் முன்னும் பின்னும் எவ்வளவு தெளிவாக விழுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு இதில் எஃப் 4லேயே விழுகிறது. அதைத் தாண்டித் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க, ஒளி விளிம்பில் வளைந்து படம் மெத்துமெத்தென்று ஆகிவிடும். ஆகவே டயலைத் துவாரம் நாமே வைக்கிற முறைக்குத் திருப்பி, எஃப் 4ல் நிறுத்திவிட வேண்டியதுதான். நடுப்பகலில் வெளிச்சம் மிஞ்சினால் உள்ளேயே இருக்கும் என்டி ஃபில்டரைப் போட்டால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும்.

இப்படித்தான் சமாளிக்கிறேன். ஆனால் வீட்டில் நான் மட்டுமா இருக்கிறேன்? மனைவி எடுத்தால் ஆட்டோவுக்குத் திருப்பிவிடுவார். வெயிலைக் கண்டதும் ஆட்டோ துவாரத்தைச் சுருக்கும், புள்ளி பல்லை இளித்துக்கொண்டு வரும். “படம் நல்லாத்தானே இருக்கு, நீங்க ஏன் வானத்தையே பார்க்கறீங்க?” என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, மூலையைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் ஏன் இதை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்றால், அதற்குக் காரணம் அதன் தலையில் எழுந்து நிற்கும் ஒரு பொடி ஃபிளாஷ்.

ஃபிளாஷ் இருட்டுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்குக் கோடை என்று தனியாக ஒன்றும் கிடையாது, வருஷம் முழுக்க வெயில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டால் அதுதான் கோடை. வெளியே கிளம்புகிற நேரமும் காலை பத்து மணிக்கு மேல்தான்: பசியாறி, சமைத்ததைக் கட்டி, அம்மாவைக் கிளப்பி, வழியில் பெட்ரோல் போட்டு. போய்ச் சேரும்போது சூரியன் உச்சந்தலையில். அந்த வெளிச்சத்தில் கண் குழியெல்லாம் கறுப்பாக விழும், தொப்பி போட்டவன் முகமே இருக்காது. அங்கேதான் இந்தப் பொடி ஃபிளாஷ் வேலை செய்கிறது. இதன் ஷட்டர், அதாவது வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவு, லென்ஸுக்குள்ளேயே இருக்கிற இலை ஷட்டர். பெரிய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் சாதாரண ஃபிளாஷோடு சேர்ந்தால் ஷட்டர் வேகம் 1/200, 1/250 நொடி என்று நின்றுவிடும். இது 1/1000லும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். அதனால் பின்னால் இருக்கும் பளீர் வானத்தை அடக்கிக்கொண்டே முன்னால் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க முடிகிறது. எட்டுவது ஒன்றிரண்டு மீட்டர்தான். குடும்பத்தைப் படம் எடுக்க அதற்கு மேல் எதற்கு?

காராயில் பேராக் ஆற்றின் மேல் இருக்கும் விக்டோரியா பாலம் எங்களுக்குப் பக்கம். 1900ல் முடித்த பழைய ரயில் பாலம். செங்கல் தூண், இரும்புச் சட்டம், ஒற்றைத் தண்டவாளம். ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போய்விடுகிறது, பழையதில் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே சின்னவன் ஐஸ்கிரீம் மலேசியா தின்றுகொண்டிருந்தான். நீளமான பிளாஸ்டிக் பையில் உறைந்த சிரப், மூலையைப் பல்லால் பிய்த்து உறிஞ்சுவது. பிய்த்த பிளாஸ்டிக் துண்டு முகவாயில் ஒட்டியிருக்கிறது, உதடெல்லாம் ரோஸ் நிறம், கையிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுகிறது. அந்தச் சொட்டு படத்தில் அந்தரத்தில் நிற்கிறது. தொப்பி நிழலுக்குள் அவன் கண் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. கைப்பேசியிலும் அதே நேரத்தில் எடுத்தேன். அதில் வானம் அழகாக இருக்கிறது, பையன் யாரோ மாதிரி இருக்கிறான்.

கைப்பேசி பற்றி இன்னொன்று. நாம் கேட்காமலே முகத்தை வெளுக்க வைத்து, சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டுவிடுகிறது. அப்பா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டிலேயே காலம் கழித்தவர், அவர் நிறம் எனக்குத் தெரியும். இந்தக் கேமரா அதை அப்படியே கொடுக்கிறது. என்ன, கறுத்த முகம் படத்தை நிறைத்தால் இதுவும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டப் பார்க்கும். எக்ஸ்போஷரை மைனஸ் பக்கம் ஒரு சொட்டுத் தள்ளினால் சரியாகிவிடும். அம்மா மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. “ஏன்டா என்னை இவ்வளவு கறுப்பா எடுத்திருக்க? உன் தம்பி போன்ல எடுத்தா எப்படி இருக்கு பாரு!” அம்மாவை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவைக் கோலகங்சாருக்குக் கூட்டிப்போனதும் இந்தக் கேமராவோடுதான். 1877ல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் மரமாக நிற்கிறது. இந்த நாட்டின் மிகப் பழைய பால்மரங்களில் ஒன்று. அப்பா அறிவிப்புப் பலகையைப் படிக்கவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல எவன்டா ஏணி வச்சு வெட்டுவான்?” என்றார். அப்போது எடுத்த படம் ஃபோர் ஆர் அளவில் டவுன் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. பின்னால் இலைதான் நிறைந்திருந்தது, வானம் கொஞ்சம்தான். புள்ளி எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

பால்மரத்தைப் பற்றிப் பேசும்போது, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அது இலை உதிர்க்கும் காலம் ஒன்று உண்டு. உதிருமுன் இலையெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாகிவிடும், பாலும் குறையும். எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டது, சிறு தோட்டக்காரர்கள் சிலரிடம்தான் பால்மரம் மிச்சம். ஜப்பானுக்கு இலை பார்க்கப் போகிறவர்கள் ஒரு நடை இங்கேயும் எட்டிப் பார்க்கலாம், செலவு கம்மி. எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களில் எடுத்தவை. மழையும் குறைவு, தூசியும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

தைப்பிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஈயச் சுரங்கத்தை 1880ல் பூங்காவாக்கிய இடம். தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் குனிந்து ஏரித் தண்ணீரைத் தொடப் பார்க்கின்றன. யார் எடுத்தாலும் நல்ல படம் வரும், கேமராவுக்குப் பெருமையில்லை.

மற்ற குறைகள் எல்லாம் சில்லறை. ஏர்கான் காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் பனித்துக்கொள்ளும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே ஏர்கானை அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. பாட்டரி அரை நாள் தாங்கும், இரண்டாவது ஒன்று பையில் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். இதற்கெல்லாம் நான் கேமராவைத் திட்டியதில்லை.

இப்போது ஷா ஆலாமில் இருக்கும் அக்கா மகள் கேட்கிறாள்: “மாமா, இதே மாடல் பழசு ஒன்னு விக்கிறாங்க, வாங்கட்டுமா?” விலையைப் பார்த்தேன். நான் புதிதாக வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இளம் பிள்ளைகள் திரும்பவும் குட்டி கேமரா பக்கம் சாய்ந்ததில் பழைய சரக்கெல்லாம் ஏறிக் கிடக்கிறது. மேலே இவ்வளவு புகழ்ந்தவன் ‘வாங்கு’ என்று சொல்லவேண்டும். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தக் காசுக்குப் பழைய, லென்ஸ் கழற்றக்கூடிய சின்ன கேமரா ஒன்றைப் பார், ஊதினால் தூசி போகும், மாமாவைப் போலப் பைத்தியம் பிடிக்காது என்றேன். “அப்போ உங்களுடையதை எனக்கு வித்துடுங்க” என்றாள். அது விற்பனைக்கில்லை. அடுத்த மாதம் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று ஏற்கனவே பேச்சு நடக்கிறது.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் கடையில் இதை மட்டும் செய்யுங்கள். துவாரத்தை எஃப் 11ல் வையுங்கள். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ, ஃபோகஸ் கலைந்திருந்தாலும் பரவாயில்லை, படம் முழுக்க நிறைகிற மாதிரி எடுங்கள். ஜூமை முழுதாக நீட்டி இன்னொன்று, சுருக்கி இன்னொன்று. திரையில் பெரிதாக்கி நாலு மூலையையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். புள்ளி இருந்தால் விலையில் சுத்தம் செய்யும் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விற்கிறவர் “இது லென்ஸ் அழுக்கு பாஸ், துடைச்சா போயிடும்” என்றால், அவரையே துடைக்கச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.