ஊட்டியில் டெராஹெர்ட்ஸ் கருவி: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஊட்டி ஆய்வகத்துக்கு டெராஹெர்ட்ஸ் நிறமாலைமானி வந்து மூன்று வருடம் ஆகிறது. மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பொருளுக்குள் செலுத்தி, அது அவற்றை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று அளக்கும் கருவி இது. "இந்த மூடுபனி ஊரில் அது ஓடுமா?" என்று கேட்காதவர் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், எங்களைப் படுத்தியது பனியல்ல, வெயில்.

டெராஹெர்ட்ஸ் அலைகளை வழியிலேயே விழுங்குவது காற்றிலுள்ள நீராவி. ஜூலையில் 12 டிகிரிக் குளிரில் காற்று முழுக்க ஈரமானாலும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம்தான் தாங்கும். சென்னையில் 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது 23 கிராமைத் தாண்டும். ஆனாலும் ஈரக் காற்றை வெளியே தள்ள உலர்ந்த நைட்ரஜன் இல்லாமல் அளக்க முடியாது. நீராவி விழுங்கும் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் திரையிலுள்ள வரைகோடு பள்ளம் விழுந்து நிற்கும். வால்வைத் திறந்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளங்கள் மெல்லத் தூர்ந்து வரும். இன்றும் எனக்கு அலுக்காத காட்சி அது. சிலிண்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரவேண்டும். குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வேலை நின்றுவிடும், அதனால் கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே அறையே மாறிவிடும். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 77 ஃபெம்டோ நொடி வேண்டும். குவார்ட்ஸ் துண்டில் பூசி நாங்கள் அளக்கும் 200 நானோமீட்டர் படலம் அலைக்குத் தரும் தாமதமோ அதைவிட மிகக் குறைவு. அதனால் வெறும் குவார்ட்ஸையும் மாதிரியையும் மாறி மாறி அளக்கிறோம். "மேடம், மேகம் விலகிடுச்சு, ரெஃபரன்ஸ் எடுத்துடலாமா?" என்று உதவியாளர் தம்பியே இப்போது முந்திக்கொள்கிறான்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மைக்ரான். நானோ துகளை அதால் படம்பிடிக்க முடியாது. ஆனால் துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரானை அது ஆட்டிப் பார்க்கும். ஓர் அலைவுக்குள் எலக்ட்ரான் துகளின் எல்லையில் மோதித் திரும்பினால், கடத்துதிறன் வரைகோட்டில் அது தெரிந்துவிடும். எலக்ட்ரான் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கணக்கில் எடுக்கும் ட்ரூட்-ஸ்மித் சூத்திரத்தில் c என்ற எண் 0 என்றால் தடையில்லா ஓட்டம், -1 என்றால் முழுக்கத் திரும்பியது. போன வருடம் இரண்டு துத்தநாக ஆக்சைடு படலங்கள், நான்கு முனை அளவியில் ஒரே மின்தடை காட்டின. இங்கே பார்த்தால் ஒன்றில் எலக்ட்ரான் குறைவு, ஆனால் தாராளமாக ஓடுகிறது. மற்றதில் நிறைய இருந்தும் துகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறல்லவா?

குறையும் உண்டு. 2.5 டெராஹெர்ட்ஸுக்கு மேல் எங்கள் கருவியில் இரைச்சல்தான். ஆன்டெனா சில்லு ஒருமுறை போனபோது மாற்று வர நான்கு மாதம் ஆனது.

மாதிரி கொண்டுவரும் மாணவர்களுக்கு ஒன்று: படலத்தை மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பூசாதீர்கள், அது அலையைப் பெரும்பாலும் குடித்துவிடும். குவார்ட்ஸிலோ உயர்தடை சிலிக்கானிலோ பூசுங்கள், பூசாத துண்டு ஒன்றும் கூடவே கொண்டுவாருங்கள்.