இருவரும் அடித்துக்கொண்டால் தற்காப்பு யாருக்கு? ஓர் இணையவழிச் சட்ட வகுப்பின் மதிப்புரை

தற்காப்புக் கலை கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிவந்தேன்: எதிராளி முதலில் கை வைத்தால் திருப்பி அடிப்பது தற்காப்பு. என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் கைகலப்பில் சிக்கி, எதிராளியோடு சேர்த்து அவர் மீதும் வழக்குப் பதிவானபோதுதான், அந்த விடை எவ்வளவு அரைகுறையானது என்பது எனக்கு உறைத்தது. அதன் பிறகே, அடிதடி வழக்குகளில் தற்காப்பு வாதத்தைப் பற்றிச் சில வழக்கறிஞர்கள் நடத்தும் எட்டுப் பாடங்கள் கொண்ட இந்த இணையவழி வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பின் பெரும்பலம் அதன் இரண்டாம் பாடம். இருவர் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள் என்பதாலேயே அது சட்டத்தின் பார்வையில், தற்காப்புரிமையைக் குறுக்கும் 'ஒப்புக்கொண்ட சண்டை' (mutual combat) ஆகிவிடாது என்பதை, 2007-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ராஸ் வழக்கில் அளித்த தீர்ப்பைக் கொண்டு ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். மோதல் தொடங்குவதற்கு முன்பே, வெளிப்படையாகவோ குறிப்பாகவோ, சண்டையிடும் எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஜூரிகள் (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா என்று முடிவு செய்யும் பொதுமக்கள்) 'ஒப்புக்கொண்ட சண்டை' என்ற அந்தச் சொல்லின் பொருளை விளக்குமாறு கேட்டும், விசாரணை நீதிமன்றம் சட்ட வரையறை எதையும் சொல்லாமல் விட்டதே தண்டனை ரத்தாவதற்குக் காரணமாயிற்று. ஒரு சொல்லின் பொருளில் ஒரு மனிதரின் விடுதலை தங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

அடுத்த பாடம் சண்டையிலிருந்து விலகுவதைப் பற்றியது. மூன்று முறை திரும்பக் கேட்டேன். சண்டைக்கு இசைந்தவரோ அதைத் தொடங்கியவரோ தற்காப்புரிமையை ஒரேயடியாக இழந்துவிடுவதில்லை. ஆனால், கலிபோர்னியாவில் ஜூரிகளுக்கு அளிக்கப்படும் அறிவுரையின்படி, அவர் சண்டையை நிறுத்த உண்மையாகவே முயன்றிருக்க வேண்டும். தாம் நிறுத்திவிட்டதைச் சொல்லாலோ செயலாலோ எதிராளிக்குப் புரியும்படி உணர்த்தியிருக்க வேண்டும். எதிராளியும் சண்டையை நிறுத்திக்கொள்வதற்கு அவர் வாய்ப்பளித்திருக்க வேண்டும். வெறுங்கையால் தொடங்கிய சண்டையில் எதிராளி திடீரென உயிருக்கு ஆபத்தான தாக்குதலில் இறங்கி, விலகவே இயலாத நிலை ஏற்பட்டால் மட்டும் இந்த நிபந்தனைகள் தளர்கின்றன. பின்வாங்குவதைப் பயிற்சிக் களத்தில் கால் அசைவாகக் கற்பிக்கும் நாங்கள், "போதும், நிறுத்திவிட்டேன்" என்று உரக்கச் சொல்வதையும் அதனோடு கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இந்தப் பாடத்தில்தான் பிறந்தது.

இந்தியச் சட்டத்துக்கு ஒதுக்கிய பாடமும் நேர்த்தியானது. 1954-இல் கஜானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, இரு தரப்பும் தொடக்கத்திலிருந்தே மோதும் எண்ணத்தோடு புறப்பட்டு மோதினால், யார் தாக்கினார், யார் தடுத்தார் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்குப் பொறுப்பாகிறார். சம்மதம் பற்றிய பாடம் சற்று அவசரமாக முடிகிறது. உடற்காயம் விளைவிக்கும் நோக்கமோ விளைவோ இருந்தால் தெருச்சண்டைக்குத் தந்த சம்மதம் செல்லாது என்ற 1981-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பையும், கடுங்காயம் நேராத வரை சம்மதத்தை ஒரு வாதமாக ஏற்கும் டெக்சாஸ் சட்டத்தையும் அருகருகே வைத்துவிட்டு, இவ்வேறுபாடு ஏன் என்பதை ஆசிரியர் தொடாமலே கடந்துவிடுகிறார்.

மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குறித்த பகுதி பயனுள்ளது. இங்கிலாந்தில் தற்காப்பு வாதத்துக்கு அடிப்படை கிடைத்தவுடன், அது தற்காப்பு அல்ல என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை; அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2019-இல்தான் அந்த நிலைக்கு வந்தது. இந்தியாவிலோ பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவரிடம் இருந்தாலும், தம் தரப்பே நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் அவருக்குப் போதும். ஆபத்தின் நடுவே நின்றவரின் செயலைத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

என் மனக்குறை சாட்சியங்களைப் பற்றிய ஏழாம் பாடத்தில் இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் உண்மையான போராட்டம் அங்கேதான் நடக்கிறது. அதற்குக் கிடைத்ததோ வெறும் இருபது நிமிடம். பாதியில் தொடங்கும் கைப்பேசிக் காணொளியில் முதல் அடி பதிவாகியிருக்காது. காயம் உள்ளங்கையிலும் முன்கையிலும் உள்ளதா, விரல் முட்டிகளில் உள்ளதா என்பது தடுத்தவரையும் தாக்கியவரையும் பிரித்துக் காட்ட உதவலாம். குற்றம்சாட்டப்பட்டவரின் உடம்பில் இருக்கும் காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், அதன் கதையே சந்தேகத்துக்கு உள்ளாகலாம். இரு தரப்பும் புகார் கொடுத்திருக்கும்போது, அவ்விரு வழக்குகளையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்ற நடைமுறையும் இந்தியாவில் உண்டு. இவற்றில் காயங்களைப் பற்றிய செய்தி மட்டுமே பாடத்தில் வருகிறது, அதுவும் ஒரே வாக்கியத்தில். என் மாணவரின் வழக்கில் காணொளியின் முதல் பாதி கிடைக்காமல் போனதால் நாங்கள் பட்ட வேதனையை நினைக்கும்போது, இந்த இடத்தில் வகுப்பு இன்னும் நெடுநேரம் நின்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. எழுத்தில் அனுப்பிய மூன்று கேள்விகளுக்கும் இரண்டு நாள்களுக்குள் விரிவான விடை வந்தது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்குக்கு வகுப்பில் ஆலோசனை தர இயலாது, உரிய வழக்கறிஞரை நேரில் அணுகுங்கள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். தற்காப்புக் கலைப் பயிற்சியாளர்களும், இளநிலை வழக்கறிஞர்களும், வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோரும் இரண்டாம், மூன்றாம் பாடங்களுக்காகவே இதில் சேரலாம். ஏழாம் பாடத்தை விரித்துத் தருமாறு எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பு வந்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.